முக்திநாத் போவோம், பதினாலு பேரும் பத்திரமாகத் திரும்பி வருவோம்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பயணக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் நாம் ஒரு முடிவு எடுத்தோம். வருஷா வருஷம் பழனி, திருச்செந்தூர், மேல்மருவத்தூர் என்று வேன் பிடித்துப் போய் வருகிறோம். ஒரு தடவை தூரமாக, இமயமலைப் பக்கம் போய் வரலாமே என்று சில சகோதரிகள் கேட்டார்கள். அதை விசாரித்துச் சொல்லும்படி எங்கள் ஐந்து பேரிடம் பொறுப்பு கொடுத்தீர்கள். பதினாலு பேர் பெயர் கொடுத்தும் விட்டார்கள். தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள், சத்துணவு சமைக்கிறவர் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நாங்கள் விசாரித்ததையும், எங்களுக்குள் பேசி முடிவு செய்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறோம். கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்மானம் போட வேண்டும்.

எந்த மலைக்குப் போவது?

முதலில் எல்லார் வாயிலும் வந்தது கயிலாயம், மானசரோவர். அதைத்தான் முதலில் விசாரித்தோம். 2020-ல் நின்றுபோன அந்த யாத்திரை 2025 ஜூன் மாதம் மறுபடி தொடங்கியது. மத்திய அரசு ஏற்பாடு செய்யும் பயணத்தில் அந்த வருஷம் நாடு முழுவதற்கும் சேர்த்து 750 பேருக்குத்தான் இடம். 18 வயதிலிருந்து 70 வயதுக்குள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கட்டாயம். குலுக்கலில் பெயர் வர வேண்டும், டில்லியில் உடல் பரிசோதனையிலும் தேற வேண்டும். அந்த வருஷம் செலவு உத்தரகாண்ட் வழியாகப் போனாலே ஒருவருக்கு ஒன்றே முக்கால் லட்சம் வரை ஆனது. கயிலாயத்தைச் சுற்றி வரும்போது தாண்ட வேண்டிய கணவாய் சுமார் 18,500 அடி உயரம். நம் முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்ததாக முக்திநாத். நேபாள நாட்டில் முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று சொல்வது இந்த ஊரைத்தான். கோயிலுக்குப் பின்னால் 108 வாய்களிலிருந்து பனித் தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயிலில் மண்ணுக்குள்ளிருந்து வரும் வாயுவால் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. பௌத்தர்களுக்கும் அது புண்ணிய பூமி. பௌத்தப் பெண் துறவிகளும் அங்கே கோயிலைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் கூட்டமைப்பில் எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கிறோம். சாமி கும்பிட வருகிறவர் கும்பிடட்டும், மலை பார்க்க வருகிறவர் பார்க்கட்டும். கண்டகி ஆற்றின் ஒரு பக்கம் தவளகிரி, இன்னொரு பக்கம் அன்னபூர்ணா, இரண்டுமே 8,000 மீட்டருக்கு மேல் உயரமான சிகரங்கள். அந்த ஆற்றோரமாகவே நம் ஜீப் போகும்.

பாஸ்போர்ட் இல்லாமலே போகலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. அதனால்தான் முக்திநாத் என்று முடிவு செய்தோம்.

அந்த மலை எவ்வளவு உயரம்?

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டுமுங்க. நம்ம கோயமுத்தூர் சுமார் 1,350 அடி உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி ஏழாவது மலை சுமார் 6,000 அடி. ஊட்டி 7,300 அடி, தொட்டபெட்டா 8,650 அடி. முக்திநாத் 12,000 அடிக்கும் மேலே. தொட்டபெட்டாவுக்கு மேலே பாதி வெள்ளியங்கிரியைத் தூக்கி வைத்தது போல.

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடலோர ஊரில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். சமைக்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். ஊட்டியில் பருப்பு வேக நேரம் ஆகிறது இல்லையா? காற்றின் அழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. முக்திநாத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக வெகுநேரம் ஆகும். நம் உடம்புக்கும் அப்படித்தான். அந்தக் காற்றுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும்.

அவகாசம் கொடுக்காமல் 8,000 அடிக்கு மேல் வேகமாகப் போனால் மலை நோய் வரலாம். முதலில் தலைவலி. அதோடு குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, அசதி, தூக்கம் இல்லாமை. இந்த நிலையில் அதே இடத்தில் ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேலே ஏறினால் முற்றும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், குடித்தவர் போலத் தள்ளாடி நடப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இவை உயிருக்கே ஆபத்தான அறிகுறிகள். ராத்திரியானாலும் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். இறங்குவதுதான் முதல் மருந்து.

"நாங்க காடு மேட்டுல வேலை செய்யறவங்க, எங்களுக்கு என்னாகும்?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பு வலுவும் மலை நோயும் வேறு வேறு விஷயம். சென்னிமலையின் 1,320 படியையும் நிற்காமல் ஏறுகிறவருக்கும் வரலாம், வரப்போகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி. 2023 மே மாதம் உச்சிக்குப் போனார். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் வாரக்கணக்கில் கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதுமாக உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போகிறார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு என்ன அவசரம்?

நம் பயணத் திட்டம்

கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகக் கோரக்பூர் போகும் ராப்திசாகர் ரயில் இருக்கிறது. தினமும் கிடையாது, அதனால் கிழமை பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். ரயிலில் இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும். கோரக்பூரிலிருந்து சுமார் 100 கி.மீ. பஸ்ஸில் போனால் சுனௌலி, அதுதான் நாட்டின் எல்லை. அங்கிருந்து போக்ரா ஊருக்கு ஒரு முழு நாள் பயணம்.

போக்ரா 2,700 அடிதான். இங்கே இரண்டு ராத்திரி தங்கி ரயில் அலுப்பைத் தீர்த்துக்கொள்கிறோம். அதற்கு மேல் ஜோம்சோம் சுமார் 9,000 அடி. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஜீப்பில் போனால் ஒரு நாள். நாங்கள் ஜீப்பையே சொல்கிறோம், அதுவும் ஒரே நாளில் வேண்டாம். வழியில் தாதோபானியில் ஒரு ராத்திரி தங்கலாம். அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது, உடம்பு வலிக்கு நல்லது. மறுநாள் ஜோம்சோம் போய் அங்கே இரண்டு ராத்திரி. நடுவில் ஒரு நாள் முழுக்க ஓய்வு. அதற்கு அடுத்த நாள் காலையில் ஜீப்பில் முக்திநாத் போய், தரிசனம் முடித்து, அன்றே இறங்கி ஜோம்சோமில் வந்து தூங்குகிறோம். பகலில் மேலே ஏறி ராத்திரி தாழ்வான இடத்தில் தூங்குவது உடம்புக்கு நல்லது.

டூர் ஏஜெண்டுகள் தரும் நோட்டீஸ்களைப் பார்த்தோம். சிலர் போக்ராவிலிருந்து கிளம்பி மறுநாளே முக்திநாத் தரிசனம் என்று போட்டிருக்கிறார்கள். நாள் குறைந்தால் பணம் குறையும், உண்மைதான். ஆனால் நாம் அந்த இரண்டு நாளைக் குறைக்க வேண்டாம். அதோடு இன்னும் இரண்டு நாளைக் கையிருப்பாக வைக்கிறோம். மலையில் பாதை அடைபடும், மண் சரியும். விமானமும் காலையில் மட்டும்தான் பறக்கும். காலை போகப் போகப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். அந்தப் பாதையில் 2012 மே மாதம் ஜோம்சோம் அருகே விமானம் விழுந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். 2022 மே மாதமும் ஒரு விபத்தில் 22 பேர் இறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லைங்க. "ரிட்டர்ன் ரயில் போயிரும், எப்படியாவது கிளம்புங்க" என்று டிரைவரையோ விமானக்காரரையோ அவசரப்படுத்தும் நிலைமையில் நாம் இருக்கக் கூடாது. அதற்குத்தான் அந்த இரண்டு நாள்.

எந்த மாசம் போவது? ஆனி முதல் ஆவணி வரை அங்கே மழைக்காலம். 2018 ஜூலையில் மானசரோவர் போய்த் திரும்பிய நூற்றுக்கணக்கான இந்தியர்கள் மழையால் நேபாளத்தில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மார்கழி, தை மாசம் கடும் குளிர். பங்குனி, சித்திரையும், ஐப்பசி, கார்த்திகையும் நல்ல காலம். பங்குனியில் நமக்கு மஞ்சள் வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதனால் தீபாவளி முடிந்த வாரம் என்று முடிவு செய்தோம். கம்பெனியில் போனஸும் வந்திருக்கும். ஆனால் அது வங்கக் கடலில் புயல் வரும் மாசம். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இமயமலையில் போய்ப் பனியாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே இருக்கும் தோராங் கணவாய்ப் பக்கத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே புயல் செய்தி வந்தால் போக்ராவிலேயே தங்கிவிடுவோம்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்றின் அசல் வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் கார்டு மட்டும் போதாது, இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று அட்டையில் மாறியிருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள். முஸ்தாங் பகுதிக்குள் போக ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், போட்டோ இரண்டு கொண்டு வாருங்கள். இந்தியர்களுக்கு அதில் கட்டணம் குறைவு.

நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 நேபாள ரூபாய். பெரிய நோட்டு விஷயத்தில் சட்டம் அடிக்கடி மாறியிருக்கிறது, அதனால் நூறு ரூபாய் நோட்டாகவே கொண்டு போவோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நேபாளத்தில் செல்லாது. மலை உயரத்துக்கும், ஹெலிகாப்டரில் இறக்கும் செலவுக்கும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். எவ்வளவு உயரம் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பணம்: நூறு வாரச் சேமிப்பு

பயணத்துக்காக உள்கடன் கேட்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உள்கடன் மாடு வாங்க, படிப்புச் செலவுக்கு, வைத்தியத்துக்கு. சுற்றுலாவுக்கு அதை எடுத்தால் அவசரத்துக்குக் கேட்கும் சகோதரிக்கு இல்லாமல் போகும். வாரம் 300 ரூபாய் தனிச் சந்தா, நூறு வாரம், ஆக 30,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குத் தனி நோட்டு, தனிக் கணக்கு.

முக்திநாத் போகிறவர்களுக்குத் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை மானியம் தருகிறது. 2012-ல் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது 10,000 ரூபாய், பிறகு 20,000 ஆக உயர்ந்தது. எத்தனை பேருக்கு, என்ன நிபந்தனை என்பதை மாவட்டத்தில் உள்ள அறநிலையத் துறை அலுவலகத்தில் கேட்டு முறைப்படி விண்ணப்பிப்போம். ஆனால் அந்தப் பணத்தைக் கையில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். வந்தால் லாபம்.

இனி முக்கியமான விஷயம். ஒவ்வொருவர் சேமிப்பிலும் 2,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறோம். பதினாலு பேருக்கு 35,000 ரூபாய். இதற்கு 'இறங்கு நிதி' என்று பெயர் வைத்திருக்கிறோம். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அவரையும் துணைக்கு ஒருவரையும் தனி ஜீப்பில் கீழே கொண்டுவர, ஆஸ்பத்திரியில் காட்ட, தங்க வைக்க இந்தப் பணம். செலவாகாவிட்டால் ஊருக்கு வந்ததும் பிரித்துக் கொடுத்துவிடலாம். கயிறு, குல்லாய், சாளக்கிராமம் வாங்க அதைத் தொடக் கூடாது.

உடம்பைத் தயார் செய்வது

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. ரத்தம் குறைவாக இருந்தால் இருக்கிற பிராணவாயுவையும் உடம்பு முழுக்கக் கொண்டு போக முடியாது. காற்று மெலிந்த மலையில் அது இரட்டைக் கஷ்டம். அதனால் கிளம்புவதற்கு ஆறு மாசத்துக்கு முன்பே பதினாலு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை. டீ, காபியோடு போட்டால் உடம்பில் ஒட்டாது, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, எள்ளு எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ரத்தம் ஏற மாசக்கணக்கில் ஆகும், அதனால்தான் ஆறு மாசம் முன்னதாகச் சொல்கிறோம். பயணத்துக்கு வராத சகோதரிகளும் இதோடு சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இருதய நோய், ஆஸ்துமா, கட்டுக்கு வராத பிரஷர், சுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் "12,000 அடி மலைக்குப் போகலாமா?" என்று உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். கர்ப்பிணிகள் அடுத்த தடவை வரட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வாங்குகிறவர்கள் மூன்று வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மலை நோய்க்கு மாத்திரை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கடையில் நேராக வாங்க வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவர்கள் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை என்று மலையில் தூக்க மாத்திரை போடக் கூடாது.

நமக்குள் மட்டும் பேசும் விஷயம் ஒன்று. கோயிலுக்குப் போகும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சிலருக்கு அது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். இன்னொன்று, வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவது. மலையில் அது தலைவலியில் கொண்டுபோய் விடும். ஜீப் பேசும்போதே "இரண்டு மணிக்கு ஒரு தடவை பெண்களுக்காக வண்டி நிற்க வேண்டும்" என்று சொல்லித்தான் வாடகை பேசுவோம்.

கம்பளி ஸ்வெட்டர், குல்லாய், கையுறை, உள்ளே போட தெர்மல் துணி, மழைக் கோட்டு, வெயில் கண்ணாடி வேண்டும். ஷூவை இரண்டு மாசம் முன்பே வாங்கி, பால் சொசைட்டிக்குப் போகும்போதே போட்டுப் பழகுங்கள். நேபாளத்தில் பருப்பும் சோறும்தான் அன்றாடச் சாப்பாடு, நம்ம அரிசியும் பருப்பும் சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம் இல்லை. புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய், பொட்டுக்கடலை எடுத்துக்கொள்வோம். 108 தாரையில் தலை நனைய ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஐஸ் தண்ணீர், குளிர் காற்று, ஈரச் சேலை, மூன்றும் சேர்ந்தால் உடம்பு விறைத்துப்போகும். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். மனசு கேட்காதவர்கள் நனைந்த உடனே துடைத்து உலர்ந்த துணி மாற்ற வேண்டும்.

இறங்கும் துணை

எங்கள் குழுவில் ரொம்ப நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

மலையில் ஆபத்து வருவது தலைவலியால் மட்டும் அல்ல, தலைவலியைச் சொல்லாமல் மறைப்பதால்தான் அது பெரிதாகிறது. நாம் எப்படி வளர்ந்தோம்? காய்ச்சல் அடித்தாலும் எழுந்து அடுப்பு பற்ற வைக்கிறோம். "சும்மா லேசா இருக்குது, போய்ரும்" என்கிறோம். அங்கேயும் அதைத்தான் செய்வோம். 'எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க, என்னால கெடக்கூடாது' என்று வாயை மூடிக்கொண்டு மேலே ஏறுவோம். அதுதான் பயமாக இருக்கிறது.

அதனால் காலையிலும் ராத்திரியும் ஊக்குநர் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மூச்சு எப்படி? பதிலை நோட்டில் எழுதுவார். "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வார்த்தையை ஏற்க மாட்டோம். தலைவலி என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அவர் மேலே ஏறக் கூடாது. யாரையும் தனியாக லாட்ஜில் விட்டுவிட்டு மற்றவர்கள் போகக் கூடாது. ஒரு துணை கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "நூறு வாரம் வயித்தக் கட்டிச் சேத்துட்டு, ஜோம்சோம் வரைக்கும் போயி, இன்னொருத்தரு தலைவலிக்காக நான் எதுக்குங்க திரும்போணும்?" கூட்டத்தில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் கேட்டதில் தப்பு இல்லை. அவர் வீட்டிலிருந்து நேபாளம் போக அனுமதி வாங்குவதே பெரும்பாடு. இன்னொரு தடவை வாய்க்குமா என்று அவருக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்து இப்படி முடிவு செய்தோம். மலையில் போய் "நீ இரு, நான் போறேன்" என்று பேச்சு வந்தால் சண்டையில் முடியும், அல்லது எப்போதும் விட்டுக்கொடுக்கிறவரே விட்டுக்கொடுப்பார். ஆகவே கிளம்பும் முன் இங்கேயே குலுக்கல் போட்டு, முதல் துணை, இரண்டாம் துணை, மூன்றாம் துணை என்று வரிசை எழுதிவிடுவோம். தேவை வந்தால் வரிசைப்படி இறங்க வேண்டும். அப்படி இறங்கியவருக்கும், உடம்பு முடியாமல் திரும்பியவருக்கும் அடுத்த பயணத்தில் முதல் இடம். துணையாக இறங்கியவரின் அடுத்த பயணச் செலவில் பாதியை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இது நமக்குப் புதுசும் இல்லைங்க. நம் குழுவில் ஒருத்தர் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் தவணை கட்ட முடியாதபோது, மற்றவர்கள் போட்டுக் கட்டியிருக்கிறோம். அப்போதும் "அவங்க கடனை நான் எதுக்குக் கட்டணும்" என்ற கேள்வி வந்தது. கட்டியதால்தான் பேங்கில் நம் குழுவின் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதும் பின்னால் வருகிறவருக்காக முன்னால் போகிறவர் மரத்தடியில் நிற்பது வழக்கம்தானே.

வீட்டை யார் பார்ப்பது?

பயணம் ரயில் நாளையும் சேர்த்து ஏறக்குறைய பதினேழு, பதினெட்டு நாள். மாட்டுக்குப் பால் கறக்க, வயசான மாமியாருக்குச் சோறு போட, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் வேண்டும். இதற்குப் போகாத சகோதரிகள் முன்வர வேண்டும். யார் வீட்டுக்கு யார் என்று ஒரு பட்டியல் போடுவோம். அடுத்த வருஷம் அவர்கள் போகும்போது இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர்களையும் ஒரு நாள் கூப்பிட்டு, திட்டம், செலவு, ஆபத்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நாள்வாரியாக எங்கே தங்குகிறோம் என்ற தாள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். நம் போன் சிம் அங்கே அப்படியே வேலை செய்யாது. எல்லை தாண்டியதும் அந்த ஊர் சிம் இரண்டு வாங்கி, தினமும் ராத்திரி கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் செய்வோம். மலையில் சிக்னல் இல்லாமல் ஒரு நாள் போன் வராவிட்டால் பதற வேண்டாம் என்றும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானங்கள்

1. பயணத்துக்கு உள்கடன் கிடையாது. வாரம் 300 ரூபாய் தனிச் சந்தா, தனிக் கணக்கு.

2. அதில் ஒருவருக்கு 2,500 ரூபாய் இறங்கு நிதி. வேறு எதற்கும் தொடக் கூடாது.

3. ஆறு மாசம் முன்பு ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் ஆலோசனையும் கட்டாயம்.

4. ஜோம்சோமில் இரண்டு ராத்திரி தங்காமல் முக்திநாத் ஏறுவதில்லை. கையிருப்பாக இரண்டு நாள்.

5. தலைவலி என்று சொன்னவரை யாரும் குறை சொல்லக் கூடாது. அவர் ஏறக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது. துணை வரிசை குலுக்கலில் முடிவு செய்யப்படும். துணையாக இறங்கியவரின் அடுத்த பயணச் செலவில் பாதி மற்றவர்களுடையது.

6. திரும்பியவர்களுக்கு அடுத்த பயணத்தில் முதல் இடம்.

இந்த ஆறையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பயணம் வரும் பதினாலு பேரும் இன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐந்தாவது தீர்மானத்தில் மனசில்லாதவர்கள் இப்போதே பெயரை எடுத்துக்கொள்ளலாம், அதில் எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்காக ஊட்டி, கொடைக்கானல் பயணமும் ஏற்பாடு செய்வோம்.

கேள்வி இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.